அலறல் மட்டும் வேறு குரல்

ஜூன் 5, வியாழன்

பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. அதனால்தான் இது. தொழிலுக்குப் பேசுவதைத் தவிர மற்ற பேச்சையெல்லாம் நிறுத்தி வையுங்கள் என்றார். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணிடம் சொல்கிற காரியமா அது? மற்ற பேச்சுதானே பேச்சு.

கரகரப்பு பொங்கலிலிருந்தே இருக்கிறது. டப்பிங் பேசுகிறவளுக்குத் தொண்டை கட்டுவது புதிதில்லை. மிளகுப்பால், பனங்கற்கண்டு, இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது, சரியாகிவிடும். இந்தத் தடவை ஆகவில்லை. இன்று மூக்கு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டுப் பார்த்தார். பார்த்ததோடு நிற்காமல் உள்ளேயிருந்து துளி சதையைக் கிள்ளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். "எல்லாருக்கும் பண்றதுதான்மா" என்றாள் நர்ஸ். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்தவர்கள் யாருக்கும் பண்ணவில்லையே என்று கேட்க வாயெடுத்தேன். பேசக் கூடாதே, விட்டுவிட்டேன்.

பதிவு செய்யும்போது இன்னொரு போன் நம்பர் கேட்டார்கள். அவருடையதைக் கொடுத்தேன். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

அவர் என்றால் என் கணவர் கருணாகரன். ரயில்வேயில் சிக்னல் பிரிவு. கல்யாணமான புதிதில் நான் பேசிக்கொண்டே இருப்பேன், அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இன்றைக்கும் அப்படித்தான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் சத்தம் போடுவதற்கென்று ஒரு ஆள் வேண்டாமா?

சாயங்காலம் அவரிடம் "தொண்டைப்புண், மாத்திரை குடுத்திருக்காங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

சம்பத் சார் கூப்பிட்டார். அவர்தான் வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் டப் செய்து கொடுக்கிறவர். "லீலாம்மா, பேய்ப்படம் ஒண்ணு வந்திருக்கு. ஹீரோயின் படம் முழுக்க ஓடிக்கிட்டே இருக்கா. உங்களவிட்டா யாரும் இல்ல."

யாரும் இல்லை என்று அவர் சொல்வது நடிப்புக்காக இல்லை. சாலிகிராமத்தில் என்னைவிட உருக்கமாக வசனம் பேசுகிறவர்கள் நிறைய பேர். அலறுவதற்குத்தான் நான். கிணற்றில் விழுகிறவள், பாம்பைப் பார்க்கிறவள், கத்திக்குத்து வாங்குகிறவள், எல்லாரும் நான்தான். ஒரே மூச்சில் மேலே போய், உச்சியில் உடையாமல் நிற்கும் என் அலறல். அதற்காகவே என்னை வயது பார்க்காமல் இருபது வயதுப் பெண்களுக்குப் பேச வைக்கிறார்கள்.

கதை இதுதான். நோரா என்று ஒரு பெண். ஒரு தீவுக்குப் போகிற பெரிய படகில் ஏற வேண்டியவள், கடைசி நிமிடத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறாள். படகு மூழ்கிவிடுகிறது. அன்றிலிருந்து தண்ணீர் அவளைத் தேடி வருகிறது. மூடிய குழாய் தானாகச் சொட்டும், சுவரில் ஈரம் ஏறும். ஊர் மாறுகிறாள், அங்கேயும் வருகிறது. அவளுக்கென்று எழுதி வைத்த சாவு, அவள் தப்பித்ததை மறக்கவில்லை.

ஸ்டுடியோவில் ஆல்பர்ட் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படத்தை ஒருதரம் ஓட்டிக் காண்பித்தான். அவன்தான் சவுண்ட் இன்ஜினியர். முடிந்ததும் அவனிடம் கேட்டேன்: "இவ்வளவு ஓடுறவ பேசாம நீச்சல் கத்துக்கலாமே?"

"கத்துக்கிட்டா படம் அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்க்கா" என்றான்.

ஜூன் 12, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டதாம், ஆஸ்பத்திரியிலிருந்து போன். நேரில் வரச் சொன்னார்கள். நாளைக்கு டப்பிங் இருக்கிறது.

ஜூன் 14, சனி

படகுத்துறைக் காட்சி பேசினேன். நோராவுக்கு அதிகம் வசனம் இல்லை, மூச்சுதான். குளிரில் நிற்கிறவளின் மூச்சு, பயந்தவளின் மூச்சு, தப்பித்துவிட்டோம் என்று தெரிந்து விடுகிற மூச்சு. மூன்றாவதுதான் கடினம். சம்பத் சார் இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மாவரைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து காலையில் கூப்பிட்டார்கள். மைக் முன்னால் இருந்தேன், எடுக்கவில்லை. மத்தியானமும் கூப்பிட்டார்கள். அப்போது மைக் முன்னால் இல்லை.

இவருக்கு இன்று என்னவோ. டியூட்டி முடிந்து வரும்போது மாதுளம்பழம் வாங்கி வந்திருக்கிறார். இவர் பழக்கடைப் பக்கம் போய் நான் பார்த்ததே இல்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக உதிர்த்து, கிண்ணத்தில் போட்டு என் பக்கத்தில் வைத்தார். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா லீலா?"

"புளி தீந்துபோச்சு" என்றேன்.

தலையாட்டிக்கொண்டே சட்டையை மாட்டிக்கொண்டு புளி வாங்கக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

போனேன். டாக்டர் பேசினார். வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன்.

ஜூன் 21, சனி

முருங்கைக்காய் சாம்பார். முருங்கை நன்றாக இருந்தது. எனக்கு விழுங்கத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

டாக்டர் சொன்ன வியாதியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மற்றதை எழுதுகிறேன். குரல்வளையை முழுவதுமாக எடுக்க வேண்டும் என்கிறார். ஒரு பக்கம் மட்டும் என்றால் வேறு வழி பார்க்கலாமாம், எனக்கு அது தாண்டிவிட்டதாம். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், இனி மூச்சு அதன் வழியாக. பேச்சு இருக்காது. பிற்பாடு ஒரு வால்வு வைத்துப் பேசப் பழகலாம், ஆனால் அது உங்கள் குரலாக இருக்காது என்று அவரே சொன்னார். நேர்மையான மனிதர். கோபமாக வந்தது.

"எப்ப வச்சுக்கலாம்?" என்று கேட்டார்.

"படம் முடியட்டும் சார்."

"படம் காத்திருக்கும்மா."

"என் படம் காத்திருக்காது."

இன்று நோரா மலை ஊருக்குக் குடிபோகிற காட்சி. தண்ணீரே வராத உயரத்தில் வீடு எடுக்கிறாள். ராத்திரி கட்டிலுக்கு மேலே கூரையில் ஈரம் ஒரு ஆள் படுத்த மாதிரி பரவுகிறது. "நான்தான் உன் ஊரை விட்டு வந்துட்டேனே" என்று அவள் அந்த ஈரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சொன்னேன். ஆல்பர்ட் நிறுத்தினான்.

"அக்கா, கடைசில ஒரு பிசிறு வருது."

"மைக்க பாருப்பா."

"மைக் சரியாத்தான்க்கா இருக்கு."

வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி பேசினேன். பிசிறு இருந்தது. சம்பத் சார் யோசித்துவிட்டு, பயந்தவளுக்குக் குரல் பிசிறத்தானே செய்யும், இருக்கட்டும் என்றார்.

ஜூன் 28, சனி

இவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார். கேட்டால் லீவு நிறைய மிச்சம் இருக்கிறது, அடுத்த வருஷம் ரிட்டயர் ஆவதற்குள் எடுக்க வேண்டும் என்கிறார். காலையில் கஞ்சி வைத்தார், குழைய வைத்து, மிளகாய் இல்லாமல். எனக்குக் கஞ்சி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தாளிக்கும்போது மிளகாய் நெடி வந்தால் எனக்கு இருமல் வருகிறது என்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வாரமாக இந்த வீட்டில் யாரும் மிளகாய் தாளிக்கவில்லை.

குளியலறையில் இருமிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "சிலிண்டர் புக் பண்ணணுமா?" என்று கேட்டார். குழாயைத் திறந்துவிட்டு, வாஷ்பேசினை நன்றாகக் கழுவிய பிறகு பதில் சொன்னேன். நான் வெளியே வரும்வரை அங்கேயே நின்றிருந்தார். சிலிண்டருக்காக இவ்வளவு நேரம் நிற்கிற மனிதர்!

ஜூலை 2, புதன்

ஸ்டுடியோவில் டீ கொடுக்கிற அம்மாள் ஒரு விலாசம் கொடுத்தாள். திருவள்ளூர் தாண்டி ஒரு கிராமம். கத்தியில்லாமல் குணப்படுத்துகிறாராம். இவரிடம் அண்ணாநகரில் ரெக்கார்டிங் என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

கொட்டகை முழுக்கக் கூட்டம். யாரும் யாருடனும் பேசவில்லை. என் முறை வந்ததும் வைத்தியர் நாடியைப் பிடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கவே இல்லை.

"அத மடிச்சு உள்ள வைங்க. ஒரு மண்டலம் பொடி சாப்பிடுங்க. கட்டி கரைஞ்சு எச்சில்ல போயிடும்."

"குரல் போகாதில்லீங்களா?"

"குரலா? பாட்டே பாடுவீங்க."

அந்த நிமிடம் அவர் காலில் விழுந்திருப்பேன். திரும்பி வரும்போது ரயிலில் எதிர் சீட்டில் ஒருவர் அதே பொடிப் பொட்டலத்தைக் கையில் வைத்திருந்தார். கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். "எத்தனாவது தடவைங்க?" என்று கேட்டேன். ஏதோ சொன்னார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. உதட்டசைவைப் பார்த்து வசனம் சொல்வது என் பிழைப்பு. அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. எழுத மாட்டேன்.

பொடி வேம்பைவிடக் கசக்கிறது. கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

கடைசி ரீல்.

நோரா பாலைவனத்துக்குப் போய்விடுகிறாள். மழையே பார்க்காத ஊர். அங்கே ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறாள், சிரிக்கிறாள்கூட. ஒரு நாள் வானம் கறுக்கிறது. ஓடுவாள் என்று நினைத்தால் ஓடவில்லை. களைத்துப்போய் நடுரோட்டில் நிற்கிறாள். முதல் துளி நெற்றியில் விழுகிறது. அப்போது ஒரு அலறல். படம் முழுவதும் அந்த இடத்துக்காகத்தான். போஸ்டரே அந்த வாய்தான்.

முதல் டேக்கில் பாதியில் உடைந்தது. இரண்டாவதில் ஆரம்பிக்கவே இல்லை. காற்று மட்டும் வந்தது, பழைய சைக்கிள் பம்ப் மாதிரி. சம்பத் சார் உள்ளே வந்து, "அஞ்சு நிமிஷம் உக்காருங்க லீலாம்மா" என்றார். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்து, காலை அகட்டி நின்று, வயிற்றிலிருந்து எடுத்தேன். முப்பது வருஷமாக எடுக்கிற இடம் அது. ஏதோ கிழிந்த மாதிரி இருந்தது. வாயில் இரும்புச் சுவை. கர்சீப்பைப் பார்த்தேன், மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆல்பர்ட் அதைப் பார்த்துவிட்டான். ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

சம்பத் சார் நல்லவர். "இந்த ஒரு இடம் மட்டும் ரோஷிணியை வச்சு எடுத்துக்கிறேன், நீங்க தப்பா நெனச்சுக்கக் கூடாது" என்றார். ரோஷிணி பக்கத்து ஸ்டுடியோவில் சீரியல் பேசிக்கொண்டிருந்தாள். வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க குரல் மாதிரியே பண்ணிடறேன்க்கா" என்றாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சத்தம் வெளியே விடாத கதவு. ஆனாலும் எனக்குக் கேட்டது. ஒரே டேக்.

ஜூலை 9, புதன்

துணி துவைத்தேன். தலையணை உறைகளையும் துவைத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மாவு டப்பாவை எடுக்கப் போனவர் பொடியோடு வந்தார். மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"இது எப்படி இருக்கு? கேக்குதா?"

எதைக் கேட்கிறார் என்று புரியாத மாதிரி நின்றேன்.

"ஆஸ்பத்திரியிலேந்து எனக்கு அன்னைக்கே போன் வந்துடுச்சு லீலா. நீ எடுக்கலைன்னு எனக்குப் பண்ணாங்க. நான் போய் டாக்டரப் பாத்தேன். எல்லாம் சொன்னாரு."

மாதுளம்பழத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கஞ்சிக்கு முன்பே, லீவுக்கு முன்பே. எனக்கு வந்தது அழுகையில்லை, ஆத்திரம்.

"அப்ப ஏன் கேக்கல? மூணு வாரமா ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீ சொல்லுவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

"நான் சொல்லாமலே செத்திருந்தா?"

பொடிப் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

நான் பேசினேன். டாக்டர் கூடாது என்றதையெல்லாம் சேர்த்துப் பேசினேன். குரல் போனபிறகு நான் யார், எனக்கு வேறென்ன தெரியும், அலறக்கூட ஆள் வைத்து அனுப்பிவிட்டார்கள், ஊமையாகக் கழுத்தில் ஓட்டையோடு இந்த வீட்டில் நடமாடுவதற்குப் பதில் நான் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுகிறேன், என்றைக்கிருந்தாலும் போகத்தானே வேண்டும் என்றேன். பாதி வார்த்தைகளுக்குச் சத்தம் வரவில்லை. அவர் முழுவதையும் கேட்டார்.

"எனக்குக் குரல் வேணும்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார். "எனக்கு ஆள் வேணும்."

பிறகு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்பையில் போடவில்லை. என் கையில் கொடுத்தார். "நீயே முடிவு பண்ணு. ஆனா ஒளிச்சு வைக்காத." தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போய்விட்டார்.

நான்தான் அதைக் கொண்டுபோய்ப் போட்டேன். தோசை கருகியிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 15, செவ்வாய்

இருவரும் போனோம். "இதப் பண்ணா நான் பொழச்சுக்குவேனா சார்?" என்று கேட்டேன்.

"நல்ல வாய்ப்பு இருக்கும்மா. நீங்க இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம், ஆனா இப்பவும் நல்ல வாய்ப்புதான்."

"உறுதியா?"

"உறுதியா நான் எதையும் சொல்றதில்ல."

இவர் குறுக்கே புகுந்து, "தேதி சொல்லுங்க" என்றார்.

ஜூலை 21, திங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளைக் காலை. இன்று முழுக்கப் பேசலாம் என்று அனுமதி. யாரிடம் என்ன பேசுவது? அண்ணனுக்குப் போன் செய்தேன், மழை பெய்கிறதா என்று கேட்டேன். ஆல்பர்ட் வந்திருந்தான், போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "எதையாவது பேசுங்கக்கா, நல்லா ரெக்கார்ட் பண்ணி வச்சிக்கலாம்" என்றான். வேண்டாம் என்றேன். வசனம் கொடுத்தால் பேசுவேன், எதையாவது என்றால் எனக்கு வராது. அழுதுவிட்டுப் போனான்.

நாளைக்கு உள்ளே போகும்போது இவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதவில்லை. சொல்லப் போகிறேனே.

ஜூலை 30, புதன்

உட்கார்ந்து எழுதலாம் என்றார்கள். மூக்கில் குழாய், கழுத்தில் குழாய். உயிரோடு இருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. "மோட்டாரப் போட்டுட்டு மறந்துடாதீங்க, தண்ணி நிரம்பி வழிஞ்சிடும்" என்றுதான் வாயில் வந்தது. அதுதான் என் கடைசி வசனம். "சரி" என்றார் அவர்.

ஆகஸ்ட் 6, புதன்

தும்மினால் கழுத்து வழியாக வருகிறது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. வாசனை போய்விட்டது. மூச்சு மூக்கு வழியாகப் போனால்தானே வாசனை. பால் பொங்கி, அடிப்பிடித்து, தீய்ந்திருக்கிறது, நான் அதே அறையில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். இவர் குளித்துக்கொண்டிருந்தவர் ஈரத்தோடு ஓடிவந்தார்.

குளிப்பதுதான் பெரும்பாடு. துளைக்குள் தண்ணீர் போனால் நேராக நுரையீரல்தான். தலைக்கு ஊற்றிக்கொள்ளும்போது கழுத்துக்கு ஒரு கவசம் கட்டிக்கொண்டு, சொம்பைப் பார்த்து நடுங்கிக்கொண்டு நின்றேன். நோராவை நீச்சல் கற்றுக்கொள்ளச் சொல்லிக் கேலி பண்ணினேன் அல்லவா! இவர் கதவைத் திறந்து உள்ளே வந்து, என்னைக் குனியச் சொல்லி, பின்பக்கமிருந்து மெதுவாக ஊற்றினார்.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று பெரிய சண்டை. என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வர மாட்டேன் என்று நான் எழுதிக் காட்டினேன், போயே ஆக வேண்டும் என்று அவர் கத்தினார். நானும் ஒரு பக்கம் முழுக்க எழுதி நீட்டினேன். கண்ணாடியைத் தேடினார். சாமி அலமாரியில் பார்த்தார், டிவிமேல் பார்த்தார், கடைசியில் சட்டைப்பையில் இருந்தது. மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "இது என்ன, 'கல்நெஞ்சமா' 'கல்மண்டபமா'?" என்று கேட்டார். அதற்குள் எனக்குக் கோபம் ஆறிவிட்டது. சிரித்தால் கழுத்தில் விசில் சத்தம் வருகிறது. அவரும் சிரித்தார்.

செப்டம்பர் 24, புதன்

ரேடியேஷன். கழுத்துத் தோல் கறுத்துவிட்டது. எழுதத் தெம்பில்லை.

நவம்பர் 8, சனி

படம் வந்துவிட்டது. பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். இவர் மத்தியானக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து வந்துவிட்டார். பேய்ப்படம் என்றாலே எழுந்து போய்விடுகிற ஆள்.

காலேஜ் பிள்ளைகள்தான் கூட்டம். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு விரலிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு அணைந்தது. நோரா படகுத்துறையில் நின்றாள், மூச்சு விட்டாள். என் மூச்சு. இப்போது நான் அப்படி மூச்சு விட முடியாது. எழுந்து போய்விடலாம் என்று இவரைப் பார்த்தேன். திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

அதனால் நானும் உட்கார்ந்தேன்.

மலை ஊர் வந்தது, கூரையில் ஈரம் வந்தது. பிசிறு வந்த இடத்தில் பக்கத்துப் பெண் "ஐயோ பாவம்" என்றாள். பாலைவனம் வந்தது. வானம் கறுத்தது. நோரா நடுரோட்டில் வாயைத் திறந்தாள். தியேட்டரே கத்தியது. ரோஷிணி அருமையாகப் பண்ணியிருந்தாள், என்னைவிட ஒரு பிடி மேலாகக்கூட. எனக்கே ஒரு கணம் நான்தானோ என்று இருந்தது.

இவர் கண்ணைத் திறந்தார். என் பக்கம் குனிந்து, காதருகில் சொன்னார்: "இது நீ இல்லயே."

நான் அவரிடம் சொன்னதில்லை, எந்த இடத்தில் ஆளை மாற்றினார்கள் என்று. அலறலுக்கு ஆள் வைத்தார்கள் என்று அன்றைக்குக் கோபத்தில் கத்தினேன், அவ்வளவுதான். அதுவும் அந்த வார்த்தைகளுக்குச் சத்தம் வந்ததா என்பதே சந்தேகம். படத்தில் அலறல் பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நோரா செத்துப்போனாள். பெயர்கள் ஓடின. எங்கள் பெயரெல்லாம் எப்போதும் வேகமாகத்தான் ஓடும், படிக்க முடியாது.

நவம்பர் 27, வியாழன்

வால்வு வைத்துவிட்டார்கள். துளையை விரலால் மூடிக்கொண்டு பேச வேண்டும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், "ஆ சொல்லுங்கம்மா" என்றாள். சொன்னேன். தரையில் மரப்பலகையை இழுத்த சத்தம். பயந்துபோய் விரலை எடுத்துவிட்டேன். "இதான், இதேதான்! மறுபடி" என்று கை தட்டினாள்.

சாயங்காலம் இவரிடம் முதல் வார்த்தையாகப் பெயரைச் சொல்லலாம் என்று பார்த்தேன். கருணாகரன் என்ற பெயர் புதிதாகப் பேசப் பழகுகிறவளுக்கானதில்லை. "கர்ணா" என்று வந்தது. தெருவில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஜனவரி 22, வியாழன்

பரிசோதனைக்குப் போயிருந்தேன். இதுவரை நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். இதுவரை என்பதை அழுத்திச் சொல்லவில்லை, நான்தான் அழுத்திக் கேட்டேன். பிறகு, "ஒரு உதவி பண்ணுவீங்களாம்மா?" என்றார்.

வெளியே ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் செண்பகவல்லி. திருத்தணிப் பக்கம், பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். எனக்கு வந்ததே அவளுக்கும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தும் இரண்டு முறை வராமல் போய்விட்டாளாம். இன்று தம்பி கட்டாயப்படுத்திக் கூட்டி வந்திருக்கிறான். பையை மடியில் வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் எழுந்து ஓடுகிற மாதிரி பெஞ்சின் நுனியில் இருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் என் கழுத்துத் துணியைத்தான் பார்த்தாள்.

"பயமா இல்லியாக்கா?" அவள் குரலே கரகரவென்று பாதிதான் வந்தது.

விரலை வைத்து, "இருந்துச்சு" என்றேன். என் சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. பிறகு என்ன நினைத்தாளோ, இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்தாள்.

"இதப் பண்ணிக்கிட்டா சாவு வராதாக்கா?"

சாவைப் பற்றி நான் பேசாத வசனமில்லை. கோர்ட்டில் பேசியிருக்கிறேன், சுடுகாட்டில் பேசியிருக்கிறேன், மாலை போட்ட படத்துக்கு முன்னால் பேசியிருக்கிறேன். யாரோ எழுதிக் கொடுத்த அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றுகூட அந்த முகத்துக்கு முன்னால் சொல்கிற மாதிரி இல்லை.

"வரும்" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். டாக்டரும் தம்பியும் இதை அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

"காலையில சாப்டியா?"

"இல்லக்கா. எறங்கல."

"வா."

கேன்டீனில் இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து, சின்னச் சின்னதாகப் பிட்டு, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து இறக்கக் காட்டிக் கொடுத்தேன். மெதுவாகச் சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன். சாப்பிடும்போது நான் பேச முடியாது, அதனால் இருவரும் பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவள் தம்பி எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாவது இட்லியில் கை நின்றது. முகத்தைச் சுளித்தாள். வலிக்கிறதோ என்று பயந்துபோய்ப் பார்த்தேன்.

"சட்னில உப்பே போடல" என்றாள். பையை என் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போய், கல்லாவில் இருந்தவரிடம் ஏதோ சொல்லி, காகிதத்தில் கொஞ்சம் உப்பு வாங்கிவந்தாள். எனக்கும் போட்டாள்.